அவாவுக்கு ஒரு சாட்சி

பாரிஸின் லா சப்பல் மெத்ரோ வாசலில் பொலிஸ்காரர் நின்றால் என்னை ஒருநாளும் மறிப்பதில்லை. பருத்தித்துறையில் பிறந்து, வதிவிட அட்டையோடு திரிகிற, இன்னமும் பிரெஞ்சு 'ர'வைத் தொண்டையில் உருட்டத் தெரியாத எனக்கு ஒதுங்கி வழிவிடுவார்கள். பக்கத்தில் வரும் என் சிநேகிதி பாரிஸை ஒட்டிய ஆர்ஜொந்தெயில் பிறந்தவள்; பிரெஞ்சைத் தவிர வேறு மொழியில் கோபப்படத் தெரியாதவள். அட்டையை அவளிடம்தான் கேட்பார்கள். வெளிநாட்டுக்காரி வெண்டிக்காய்ப் பையோடு காத்து நிற்க, உள்நாட்டுக்காரி தான் உள்நாட்டுக்காரிதான் என்று நிரூபிப்பாள். பிரான்சின் நிர்வாகத் திறமையை ஊரில் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துப் புகழலாம்.

அவள் பெயர் அவா. பெற்றோர் செனெகலில் இருந்து வந்தவர்கள். இந்தப் பெயரின் வசதி யாழ்ப்பாணத்தாருக்கு உடனே விளங்கும்: எங்கள் பேச்சில் மரியாதைக்குரிய பெண்ணைத்தான் 'அவா' என்போம், கூப்பிட்டாலே மரியாதை தானாக வந்துவிடும். "அவா வந்தவா, அவா போனவா" என்று நான் வீட்டில் கதைக்க, யாரோ வயதான மதாமைப் பற்றிச் சொல்கிறேன் என்றுதான் என் மனுசன் கனகாலம் நினைத்திருந்தார். நாங்கள் இருவரும் ஒரே ஹொட்டேலில் அறை துப்புரவாக்கினோம். லா சப்பலில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவில் அவாவுக்கு வேறொரு பெயரும் உண்டு; கறுப்பு ஆட்கள் எல்லாருக்கும் எங்களவர் பொதுவாக வைத்திருக்கும் பெயர். அதை இங்கே எழுதமாட்டேன், வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். அவாவுக்கும் தெரியும். அர்த்தம் கேட்கத் தேவையில்லை, சொல்கிற முகத்திலேயே இருக்கிறது என்பாள்.

போன வசந்தகாலத்தில் ஒரு பின்னேரம், வேலை முடிந்து மார்க்ஸ் டோர்மோய் பக்கமாக நடந்துகொண்டிருந்தோம். மரக்கறிக் கடை வாசலில் மூன்று பொலிஸ்காரர் 'கொன்த்ரோல்' என்று அவாவை மறித்தார்கள். அட்டையைக் கொடுத்துவிட்டு, ஏன் எப்போதும் என்னை மட்டும் மறிக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். அதில் இளையவன், நீ வாயை மூடு என்றான். பிரெஞ்சில் முன்பின் தெரியாதவரை 'வூ' என்றுதான் அழைக்கவேண்டும். அது எங்கள் 'நீங்கள்'. 'து' என்றால் 'நீ'; நாய்க்கும் பிள்ளைக்கும் கடவுளுக்கும் போடுவது. "நான் உன் நாயுமில்லை, பிள்ளையுமில்லை, கடவுளுமில்லை. எனக்கு 'து' போடாதே" என்றாள் அவா. அடுத்த கணம் அவள் கை முதுகுக்குப் பின்னால் முறுக்குப்பட்டு, முகம் தக்காளிப் பெட்டிக்குள் கிடந்தது. மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

என்னுடையது சென்றிகளில், இராணுவச் சோதனைச்சாவடிகளில், பழகிய உடம்பு. ஊரில் பள்ளிக்கூடம் போன வழியெல்லாம் ஆமிக்காரர் நின்றார்கள். அட்டையை நீட்டு, சிரிக்காதே, முறைக்காதே, கேள்வி கேட்காதே என்று அந்த உடம்புக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. பாரிஸிலும் அது என்னைக் கேட்காமலே சுவரோடு ஒட்டிக்கொண்டது. வாய்தான் சொல்வழி கேட்கவில்லை. அவளை விடுங்கள் என்பதற்கு 'லெஸே' என்று கத்தியிருக்கவேண்டும். நாள் முழுக்க ஹொட்டேலில் புழங்கிய 'லெஸீவ்' வந்து விழுந்தது. சலவைத்தூள், சலவைத்தூள் என்று நடுத்தெருவில் நின்று கத்தியிருக்கிறேன். பொலிஸ்காரன் குழம்பிப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எந்தச் சலவைத்தூளைச் சொல்கிறீர்கள், மதாம்?"

என்னோடு 'நீங்கள்'தான். முழங்கால் அவா முதுகில், மரியாதை எனக்கு.

அவாவைக் கொண்டுபோய் ஓரிரவு அடைத்து வைத்து, கையில் மாவுக்கட்டோடும் பொலிஸை அவமதித்தாள் என்ற குற்றச்சாட்டோடும் வெளியே விட்டார்கள். அவளுக்காக முன்வந்தது கறுப்புப் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு அமைப்பு. அதன் தலைவி மரியம், ஓய்வுபெற்ற தாதி. ஊசி போடுகிற பாவனையிலேயே ஆட்களோடு கதைப்பாள். வழக்கறிஞரைப் பிடித்து அந்தப் பொலிஸ்காரன் மேல் முறைப்பாடு போடவைத்ததும் அவள்தான், சாட்சி சொல்ல வருவாயா என்று என்னைக் கேட்டதும் அவள்தான். அப்போது என் பிரஜாவுரிமை விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. மனுசன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உமக்கேன் இந்த வேலை? எங்கட பேப்பரைக் கிழிச்சுப்போட்டு, அந்தப் பிள்ளையோட செனெகலுக்கோ போகப்போறீர்?"

அவள் ஆர்ஜொந்தெய்க்காரி என்றேன். மகள் போனிலிருந்து தலையெடுக்காமல், அப்பா சொல்வது இனவாதம் என்று பிரெஞ்சில் சொன்னாள். அப்பாவுக்கு அந்தச் சொல் மட்டும் நன்றாக விளங்கியது. இரண்டு நாள் எங்கள் வீட்டில் எந்த மொழியும் பேசப்படவில்லை.

நான் விசாரணைக்குப் போனேன். மொழிபெயர்ப்புக்கு ஒரு பாண்டிச்சேரி ஐயா வந்திருந்தார். கோட்டும் சூட்டுமாக, அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். என் தமிழ் அவர் காதில் மண்ணெண்ணெய் மாதிரி இறங்கியிருக்கவேண்டும். நான் சொன்னதையெல்லாம் கழுவித் துடைத்து, விசாரிக்கிற அதிகாரியிடம் அழகான பிரெஞ்சில் கொடுத்தார். அந்த அழகில், "தயவுசெய்து அமைதியாக இருங்கள், மதாம்" என்று பொலிஸ்காரன் அவாவைக் கேட்டுக்கொண்டதாக என் காதில் விழுந்தது.

"ஐயா, அவன் 'து' எண்டுதான் சொன்னவன். நீங்கள் அவனுக்கு மரியாதை பழக்காதேங்கோ."

அவர் முகம் சிவந்தது. ஒரு அரசு ஊழியர் அப்படிப் பேசியதாக எப்படிம்மா சொல்றது என்று மெதுவாகக் கேட்டார். அவன் எப்படிப் பேசினானோ அப்படியே சொல்லுங்கள் என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்நாளிலேயே முதல் தடவை கெட்ட வார்த்தை சொல்கிறவர் போல, "து" என்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தார். சலவைத்தூளும் அப்படியே பதிவாகியது.

அவா மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. பொலிஸ்காரன் மீதான முறைப்பாடும் கிடப்பில் போடப்பட்டது. அதை எதிர்த்து வழக்கறிஞர் மேல்முறையீடு செய்திருக்கிறார். மணிக்கட்டு கோணலாகப் பொருந்தியதால் மெத்தை புரட்ட ஏலாமல் அவாவின் ஹொட்டேல் வேலை போய்விட்டது. இப்போது மரியத்தின் அலுவலகத்தில் இருந்து, இதே போல அடிபட்டு வரும் பெண்களின் போனை எடுக்கிறாள். என் பிரஜாவுரிமைக்கு இன்னும் பதில் இல்லை. சாட்சி சொன்னதாலா, இந்த நாட்டின் வழமையான சோம்பலாலா, யாருக்குத் தெரியும்.

முறைப்பாட்டைத் திரும்ப விசாரணைக்கு எடுக்கச் சொல்லிப் போன மாதம் மரியத்தின் அமைப்புப் பெண்கள் ஊர்வலம் போனார்கள். அவாவோடு நானும் போனேன். எங்கள் கடைத்தெருவுக்குள் திரும்பியபோது முன்னால் கேடயங்களோடு பொலிஸ் வரிசை நின்றது. கடைகள் மளமளவென்று ஷட்டரை இறக்கின. புடவைக்கடைத் துரை அண்ணை மட்டும் பாதியில் பிடித்துக்கொண்டு, தங்கச்சி, கெதியா உள்ளுக்கு வாரும் என்று கூப்பிட்டார். இவவும் வாறா என்று அவாவின் நல்ல கையைப் பிடித்துக் காட்டினேன். அவர் அவாவைப் பார்த்தார், பிறகு பொலிஸைப் பார்த்தார்.

"நீர் மட்டும் வாரும்."

அவாவுக்கு இதற்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. போ, உன் விண்ணப்பம் இருக்கிறது என்றாள். நான் துரை அண்ணையோடு நியாயம் கதைக்க ஷட்டருக்குக் கீழால் தலையை உள்ளே விட்டேன். அவாவின் கையை விடவில்லை. உள்ளே பட்டுச்சேலை வாசம். வெளியே பெண்களின் முழக்கம். தெருவில் நின்றவர்களுக்கு என் தலை தெரிந்திருக்காது. அண்ணைக்கு என் கை தெரிந்திருக்காது. அப்படியே குனிந்த வாக்கில், ஒரு கூறைச்சேலைப் பொம்மையின் முகத்தைப் பார்த்தபடி, முழக்கத்துக்கு நானும் குரல் கொடுத்தேன்.