துவக்கோடு வந்த ஆள்

திருநீறு பூச எனக்குக் கால் நிமிடம் போதும். அதை அழிக்கத்தான் அந்த வருடங்களில் நேரம் எடுத்தது.

சண்டைக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் தமிழர்களாகிய எங்களில் பலருக்கு அதுதான் காலை வழக்கம். சுவாமிப் படத்துக்கு முன் நின்று நெற்றி நிறையப் பூசுவோம். கேற்றைத் தாண்ட முன்னம் துடைத்துவிடுவோம். காலி வீதியில் எத்தனை செக்பொயின்ற் இருக்கிறதென்று சுவாமிக்கும் தெரியும், கோவித்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்துக்கொள்வோம்.

அன்றைக்கு அவசரத்தில் ஈரத் துவாயால் துடைத்தேன். திருநீறு குழைந்து கன்னத்தால் வழிந்து, சட்டையின் நெஞ்சில் வெள்ளைக் கோடாக இறங்கியது. பூசிக்கொண்டு போவதைவிட இது மோசம். பூசியவன் மட்டுமல்ல, பயத்தில் அழித்தவன் என்பதும் தெரிந்துவிடும். சட்டையைக் கழற்றி வாளிக்குள் அமுக்கிவிட்டு, நல்ல நாளுக்கென்று வைத்திருந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். அன்று முழுவதும் நான் செய்த முட்டாள்தனம் அது ஒன்றுதான். ஒன்றே தாராளமாகப் போதுமாக இருந்தது.

நான் அப்போது டிரைவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை மன்னித்து வெளியே விட்டுவிட்டதால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். என் முதலாளி வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் குடியிருந்த ஒரு சிங்களவர். தேயிலைத் தோட்டத்தில் துரையாக, அதாவது மனேஜராக, இருந்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் அவரைத் துரை என்றுதான் கூப்பிடுவார்கள். முழங்கால் வருத்தம் வந்த பிறகு கார் ஓட்டுவதை விட்டிருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் அது தோட்டத்தில், தமிழ்த் தொழிலாளரிடம் வேலை வாங்குவதற்காகப் படித்த தமிழ். அதில் கட்டளைகள் மட்டும்தான் இருந்தன. அன்பாகப் பேச நினைத்தாலும் "டேய், சாப்பிடு. போ" என்றுதான் வரும்.

துரையிடம் ஒரு கார்பைன் இருந்தது. கார்பைன் என்றால் கட்டையான ரைபிள், ஒரு வகைத் துவக்கு. தோட்டத்தில் பன்றி சுட வாங்கியதாம். வெள்ளவத்தைக் கடல்காற்று எங்கள் வீட்டுக் கேற்றைத் தின்றது போலவே அதன் குழலையும் உள்ளுக்குள் தின்றுவிட்டது. புதுக் குழல் ஒன்று எடுப்பித்து, அதை மாற்ற அனுமதியும் வாங்கிவிட்டார். லைசன்ஸ், அனுமதிக் கடிதம், குழல் வந்த பத்திரம் என்று துவக்குக்கு மூன்று கடதாசி. மூன்றையும் கண்ணாடிக் கவருக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, "டேய், வண்டி எடு. கொட்டாஞ்சேனை போ. மெதுவா போ" என்றார்.

போகும்போது ஒரே இடத்தில்தான் மறித்தார்கள். துரையின் மீசையையும் கவரையும் பார்த்த சோல்ஜர் என்னைப் பார்க்கவில்லை. நீலச் சட்டையின் மகிமை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையில் துவக்குத் திருத்துகிறவர் ஒரு முஸ்லிம்; அண்ணனை அழைப்பதுபோல் நாநா என்போம். சின்னக் கடை, பெரிய வைஸ். பழைய குழலை மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து வைஸில் இறுக்கி, மரையில் எண்ணெய் விட்டார். பிறகு துவக்கின் உடம்பில் நீளப்பிடி வைத்த ஒரு சாவியை மாட்டித் திருப்பினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய். அசையவில்லை.

"ஒங்கட டிரைவர் சும்மாதானே நிக்கிறாரு. வந்து புடிக்கச் சொல்லுங்க, தொர."

"டேய், போ. புடி. இழு!"

கொழும்பில், பட்டப்பகலில், யாழ்ப்பாணத்தான் ஒருவன் ஒரு துவக்கைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் யாராவது படம் பிடித்திருந்தால் நான் பேப்பரில் வந்திருப்பேன். கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு மரை விட்டது. நான் விழுந்தேன். துவக்கு விழவில்லை. துரை துவக்கைத்தான் பார்த்தார்.

புதுக் குழலைத் திருகி ஏற்றுவது அவ்வளவு கஷ்டமில்லை, அளவு பார்ப்பதுதான் வேலை. நாநா மருந்தில்லாத தோட்டா ஒன்றைப் போட்டு மூடினார், திறந்தார், மரையைக் கொஞ்சம் அராவினார், திரும்பவும் மூடினார்.

"இறுக்கமா ஈந்தா மூடுபடாது. இளக்கமா ஈந்தா வெடிக்கிறது மூஞ்சில வந்துடும். நடுவுல நிக்கோணும்" என்றார்.

"எங்கட நிலைமைதான், நாநா."

நாநா சிரிக்கவில்லை. குழலில் ஒரு நம்பரை அடித்து, தடித்த கொப்பி ஒன்றைத் திறந்தார். துவக்கு நம்பர், குழல் நம்பர், துரையின் அடையாள அட்டை நம்பர். எழுதிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"ஓட்டிட்டு வந்த ஆள்ட கார்டையும் தாங்க. தொவக்கோட வாற எல்லாரையும் எழுதோணும். பொலீஸ் வந்து கொப்பிய பாக்கும்."

நீலச் சட்டைப் பையில் கை வைத்தேன். நெஞ்சுதான் இருந்தது. அடையாள அட்டை, லைசன்ஸ், கொழும்பில் தங்க எடுத்த பொலிஸ் பதிவுத் துண்டு மூன்றையும் ஒரே பொலித்தீன் பையில் சுற்றி, ஒரே பொக்கற்றில்தான் வைத்திருப்பேன். அந்தப் பொக்கற் இப்போது வாளிக்குள் ஊறிக்கொண்டிருந்தது.

"நாநா, கார்டு மற்றச் சட்டையில."

"அல்லாவே! தொவக்குக்கு மூணு கடதாசி ஈக்கி. ஒங்களுக்கு ஒண்டுமில்லையா?"

"நம்பர் பாடம், நாநா."

அது பொய்யில்லை. ஏழாம் வாய்ப்பாடு இன்றைக்கும் வராது. ஆனால் அந்த நம்பரை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அதுவும் சிங்களத்தில். செக்பொயின்றில் கேட்டுக் கேட்டு அப்படிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நாநா பேனையை வைத்துக்கொண்டு யோசித்தார். துரையைப் பார்த்தார்.

"நம்ம ஆளுதான். எழுது" என்றார் துரை.

நாநா எழுதி, ரசீதிலும் அதையே சிங்களத்தில் எழுதி முத்திரை குத்தினார். துவக்கு ஒன்று, குழல் ஒன்று, டிரைவர் ஒன்று.

திரும்பி வரும்போது எதிரே வந்த ஒவ்வொரு ஜீப்பையும் எண்ணிக்கொண்டே ஓட்டினேன். என் அறையில் கூட இருந்தவனை, அட்டையில் படம் தெளிவில்லை என்று ஜீப்பில் ஏற்றிப் பதினொரு நாள் கழித்துத்தான் விட்டார்கள். அவனிடம் அட்டையாவது இருந்தது. என்னிடம் இருந்தது நீலச் சட்டை.

பம்பலப்பிட்டிக்குக் கிட்ட கை காட்டினார்கள். ஒரு சோல்ஜர் துரையின் மடியிலிருந்த துவக்கைப் பார்த்தான், கவரைப் பார்த்தான், ஒவ்வொரு கடதாசியாக வாசித்தான். பிறகு துரைக்கு சல்யூட் அடித்தான். துவக்கு பாஸ். அடுத்ததாக என் பக்க ஜன்னலுக்குக் குனிந்தான்.

"ஐடென்டிட்டி?"

என்னிடம் ஐம்பது சிங்களச் சொல் இருந்தது. அதில் நாற்பது மன்னிப்புக் கேட்க.

"கெதர, மாத்தயா" என்றேன். வீட்டில், ஐயா.

"நீ இங்கே. கார்டு வீட்டிலா?" என்றான் சிங்களத்தில்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் துரைக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவருக்குத் தமிழ்தான் வரும்.

"டேய்! மூளை இருக்கா? கார்டு விட்டுட்டு வந்தியா? எறங்கு கீழ! நில்லு அங்க!"

இவ்வளவு சுத்தமான தமிழைக் கேட்ட சோல்ஜர் துரையைத் திரும்பவும் பார்த்தான். இந்த முறை சல்யூட் இல்லை. "உங்கள் கார்டையும் தாருங்கள், மாத்தயா."

நான் மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். பஸ்கள் போயின. அதில் எங்கள் ஆட்கள் யாராவது இருந்திருப்பார்கள், ஆனால் ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. அதுவும் அந்தக் காலத்து வழக்கம்தான், நானும் அப்படிப் பார்க்காமல் எத்தனை முறை போயிருக்கிறேன். ஜீப் ஒன்று கொஞ்சத் தூரத்தில் பின்கதவைத் திறந்தபடி நின்றது. அதற்குள் உட்கார இரண்டு வாங்கு. ஒன்றில் எனக்கு இடமிருந்தது.

சார்ஜன்ட் ஒருவர் வந்தார். துரையின் அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு நாநாவின் ரசீதைக் கையிலெடுத்து, துவக்கை வாங்கி, குழலில் அடித்த நம்பரை விரலால் தடவி ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டார். அதே விரல் அடுத்த வரிக்கு இறங்கி நின்றது.

"இதில் ஒரு டிரைவரும் இருக்கிறான்" என்றார். என்னைப் பார்த்தார். "நம்பர்?"

சொன்னேன். என் சிங்களத்தில் பிழையில்லாத பகுதி அது மட்டும்தான். குழலைப் பார்த்தது போலவே விரலை நகர்த்திக் கேட்டார். "திரும்பச் சொல்." திரும்பச் சொன்னேன். மூன்றாம் முறை கேட்டிருந்தால் அழுதுகொண்டு சொல்லியிருப்பேன், ஆனால் இலக்கம் மாறியிருக்காது.

"துவக்கோடு வந்தவன்தான். துவக்கோடு போகட்டும்" என்று சோல்ஜரிடம் சொன்னார். பிறகு எனக்கு விரலைக் காட்டினார். "தனியாகத் திரியாதே."

துரை வீட்டில் காரை நிறுத்தினேன். துவக்கு உள்ளே போய் அலுமாரியில் ஏறியது. என் அறை அங்கிருந்து பத்து நிமிட நடை, வழியில் ஒரு சென்ட்ரிக் காவல்.

"துரை, அந்த ரசீதை ஒருக்காத் தாறீங்களோ? நாளைக்குக் கொண்டு வாறன்."

"முடியாது. அது துவக்கு ரசீது. துவக்கு கூடதான் இருக்கணும்."

"அப்ப துவக்கையும் சேர்த்துத் தாங்கோ."

 துரை சிரிப்பாரென்று நினைத்தேன். அவர் ஊன்றுகிற பொல்லை எடுத்தார், ரசீதைப் பொக்கற்றில் வைத்தார், செருப்பை மாட்டினார். அந்த முழங்காலோடு வெயிலில் என் பக்கத்தில் நடந்து வந்தார். "நட. நேரா பாரு. வேகமா போகாத" என்று வழி நெடுகக் கட்டளை போட்டுக்கொண்டே வந்தார். சென்ட்ரியில் நின்றவன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கையால் போகச் சொன்னான்.

அறைக்கு வந்ததும் வாளிக்குள் கை விட்டேன். பொலித்தீனுக்குள்ளும் ஈரம் இறங்கி, பொலிஸ் துண்டு கூழாகியிருந்தது. லைசன்ஸ் மை கலைந்து ஆருடையதோ என்றாகியிருந்தது. அடையாள அட்டை மட்டும் தப்பியிருந்தது. ஆனால் பிளாஸ்ரிக் விளிம்பு பிளந்து, என் படத்துக்குள் தண்ணீர் போய், நெற்றிக்குக் குறுக்கே வெள்ளையாகப் படிந்திருந்தது. படம் பிடித்த அன்றும் நான் திருநீற்றைத் துடைத்துவிட்டுத்தான் போனேன். அது இப்போது திரும்பி வந்திருந்தது. துவாயால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை, உள்ளே இருந்தது.

துரை அட்டையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"டேய், நாளைக்கே போ. புதுசு எடு" என்றார். "இதுல நல்லா தெரியுது, நீ யாருன்னு."