உறிஞ்சாமல் ஜெயித்த கரிச்சட்டி

தாய்லாந்தில் எங்கள் சுபன்புரிப் பக்கத்துச் சேவல்காரர்களுக்கு ஒரு வீம்பு உண்டு. சுற்று முடிந்ததும் சேவலின் தொண்டையில் அடைத்த சளியையும் ரத்தத்தையும் வாயாலேயே உறிஞ்சித் துப்புவார்கள். அதற்குக் கூசுகிறவன் சேவல்காரனே இல்லையாம். சுத்த முட்டாள்தனம்.

பிகுன் எங்கள் ஊர் சுகாதாரத் தொண்டர். கொரோனாவின் மேல்சட்டை கொழுப்பு, சோப்பு பட்டால் கரைந்துவிடும் என்று வீடு வீடாகச் சொல்லி, ஊரையே கை கழுவ வைத்தவள். அவள் அண்ணன் விச்சியன் மட்டும், சேவல் தொண்டையை உறிஞ்சாதே என்றால் மசியவில்லை.

“என் கரிச்சட்டிக்கு என்ன நோய்? கல்லு மாதிரி நிக்கிறான்” என்றான் தன் சேவலைத் தடவி.

“வாத்துகூடத்தான் ஜோரா நீந்துது, வயித்துல ஃப்ளூ கிருமியை வெச்சுக்கிட்டு. பறவைக் கிருமி செல்லைத் திறக்கிற சாவிக்கு நம்ம மூக்குல பூட்டு கம்மி அண்ணே. நுரையீரல் அடியில நெறைய இருக்கு. நீ உறிஞ்சி மூச்சு இழுத்தா, அதை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுற. கூடவே உனக்கு மனுசங்க ஃப்ளூவும் இருந்தா, ரெண்டும் ஒரே செல்லுக்குள்ள பூந்து மரபணுத் துண்டுகளை மாத்திக்கிட்டு புதுசா ஒண்ணு கிளம்பும். அதுக்கு உன் பேரத்தான் வைக்கணும்.”

“சரிடி. ஞாயித்துக்கிழமை சண்டையில நீயே தொண்டையைத் தொடை. தோத்தா என் வாயைப் பத்தி மூச்சு விடக் கூடாது. ஜெயிச்சா உறிஞ்சுறதை விட்டுடறேன்.”

ஊருக்கு அது சேவல் சண்டை. அவளுக்கு அண்ணனின் உயிர். எனக்கு அவளை நினைத்துத்தான் பயம்.

ஞாயிற்றுக்கிழமைச் சண்டையின் கடைசி இடைவேளையில் கரிச்சட்டி கழுத்தை நீட்டிக் கொறகொறவென்று இழுத்தது. விச்சியன் பழக்கதோஷத்தில் வாயைக் கொண்டுபோனான். பிகுன் அவன் முகவாயைப் பிடித்துத் தள்ளினாள்.

“பொம்பளை கை பட்டா சேவல் கோழியாயிடும்” என்றான் ஒருவன்.

“உன்னை வளர்த்ததும் பொம்பளை கைதான். நீ என்ன ஆயிட்ட?” என்றாள் அவள். களம் சிரித்தது.

முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, நனைத்த இறகைத் தொண்டைக்குள் விட்டுத் திருகி இழுத்தாள். ரத்தக்கட்டி கயிறுபோல வந்தது. கரிச்சட்டி ஒரு நீண்ட மூச்சு விட்டது. மணி அடித்ததும் அது பாய்ந்த பாய்ச்சலில் எதிர்ச்சேவல் வேலியேறி ஓடியது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். அப்படி ஒரு சந்தோஷம்.

விச்சியன் சேவலைத் தூக்கி முத்தமிடக் குனிந்தான். பாதியில் நின்றான்.

“பிகுன், அந்தச் சோப்பை எடு.”

அவள் அவன் கையில் தண்ணீர் ஊற்றினாள். கண் கலங்கியிருந்தது.

அடுத்த வாரம் களத்துக்கு வந்த சேவல்காரர்கள் எல்லார் காதிலும் ஓர் இறகு செருகியிருந்தது. விச்சியன் காதில் இரண்டு.