என் தோளுக்கு நூறு சதவீதம் வேண்டாம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும் பஸ்ஸில், மேல் தட்டில் வைத்த பையை எடுக்கக் கையை உயர்த்தினேன். வலது தோள் நழுவியது. நான் கத்துவதற்குள் தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

2. டாக்டர் எக்ஸ்ரே பார்த்து எலும்பில் ஒன்றுமில்லை என்றார். கால்சியம் மாத்திரை எழுதினார். யோகா செய்யச் சொன்னார்.

3. யோகா வகுப்பில் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே முன்வரிசைக்கு அனுப்பப்பட்டேன்.

4. தோள் மறுபடி நழுவியது. இந்த முறை தலை வாரும்போது.

5. இனிமேலாவது பாதுகாப்பாகச் செய்யலாம் என்று, உடம்பில் கட்டிக்கொள்ளும் சென்சார் பட்டைகள் வாங்கினேன்.

6. அந்தப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு, அவை சொன்னபடியே ஆசனம் செய்தபோது, தோள் முழுவதுமாகக் கழன்றது.

ஐந்தாவது நடந்த பிறகு ஆறாவது நடந்திருக்கக் கூடாது. ரேணிகுண்டா பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். அதனால் இந்த ஆறாவதை நினைத்தால் இன்றைக்கும் வலியைவிட எரிச்சல்தான் முதலில் வருகிறது.

எனக்கு இருப்பது மூட்டுத் தளர்ச்சி (மூட்டுகளைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைநார்கள் பிறவியிலேயே அதிகமாக இளகியிருப்பது). கட்டைவிரலை மடக்கினால் முன்கையின் உட்பக்கத்தைத் தொடும். முழங்கால் பின்பக்கமாக வளையும். குனிந்தால் உள்ளங்கை முழுதும் தரையில் பதியும். இவற்றையெல்லாம் செய்துகாட்டச் சொல்லி மருத்துவர்கள் மதிப்பெண் போடுவார்கள். நான் முழு மதிப்பெண் வாங்கினேன். முழு மதிப்பெண்ணே நோயாக இருப்பது இந்த ஒரு தேர்வில்தான்.

ஆனால் இதெல்லாம் பிறகு தெரிந்தது. யோகா வகுப்பில் அதற்குப் பெயர் வரம்.

"சூடண்டி, எல்லாரும் இவங்களப் பாருங்க! ஷீபாம்மா உடம்பு ரப்பர்!" என்பார் ஆசிரியை. நல்ல மனுஷி. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார், யாரையும் கடிந்துகொள்ள மாட்டார். பின்வரிசையில் குனியவே முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு எதிரில் என்னை நிறுத்தி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வளைப்பார். நானும் வளைந்தேன். வலிக்கவில்லை. வலிக்காததுதான் பிரச்சினை என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

தோள் இரண்டாம் முறை நழுவியபோதுதான் பட்டைகளை வாங்கினேன். மேல்கையில் ஒன்று, மார்பைச் சுற்றி ஒன்று. மேல்கைப் பட்டைக்குள் அசைவையும் கோணத்தையும் அளக்கும் சில்லு இருக்கிறது. மார்புப் பட்டை மூச்சில் விலா விரிந்து சுருங்குவதை அளக்கும். இரண்டும் போனோடு பேசும். ஆசனத்தில் இலக்கை எட்டும்வரை கையில் லேசாக அதிரும். எட்டியதும் அதிர்வு நின்று, போனில் ஒரு மணி ஒலிக்கும்.

அன்று சக்கராசனம் (மல்லாந்து படுத்து, உள்ளங்கைகளைக் காதருகே ஊன்றி, உடம்பை வில் போல மேலே எழுப்புவது). கை அதிர்ந்துகொண்டே இருந்தது. இன்னும் எழும்பினேன். நூறு சதவீதம். மணி ஒலித்தது. தோள் கழன்றது. எது முதலில் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆசிரியை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவசரப் பிரிவில் ஊசி போட்டு, கையை மெதுவாக இழுத்துத் தோளை உள்ளே சேர்த்தார்கள். தூளி கட்டிய கையோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சித்தூரிலிருந்து நைனா (அப்பா) வந்து சேர்ந்தார்.

"புத்தூர் போயி ஒரு எலும்புக் கட்டு கட்டிக்கினு வந்துடலாம், எழுந்திரு."

"எலும்பு உடையல நைனா."

"உடையலன்னா அப்புறம் இன்னாத்துக்கு அழுவற?"

"அழுவல. கடுப்பாயிருக்கு."

"ஏதாவது துன்னியா? கடுப்பெல்லாம் பசில வர்றதுதான்."

இட்லி வாங்கிவந்து ஊட்டிவிட்டார். ஊட்டும்போதும் விடவில்லை. "நாலு பேரு கையக்கால ஆட்டி உடம்பு தேத்திக்கினு இருக்கான். நீ கைய ஆட்டினா கையே கழண்டு வருது. இன்னா கம்பெனி உருப்படியோ."

அறுவை மருத்துவர் சுருக்கமாகப் பேசினார். "இனியொரு தடவை கழண்டா ஆபரேஷன் பத்திப் பேசித்தான் ஆகணும். ஆனா உங்க தசைநாரே இளக்கம். இழுத்துத் தெச்சாலும் கொஞ்ச நாள்ல மறுபடி இளகிடலாம். அதனால மொதல்ல பிசியோதெரபி. அப்புறம் வாங்க, பார்த்து முடிவு பண்ணலாம்."

இதே பிரச்சினையோடு படிக்கிறவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன்: மற்றவர்களுக்கு அறுவை சிகிச்சை ஒரு முடிவு. நம் போன்றவர்களுக்கு அது முடிவாக இருக்கும் என்று உறுதியில்லை. ஆகவே எனக்கு இருந்தது ஒரே வழி. தோள் இன்னொரு முறை கழலக் கூடாது.

பிசியோதெரபிஸ்ட் கீர்த்தனா பலமனேர்க்காரர். என் வயதுதான் இருக்கும். பட்டைகளையும் எடுத்துப் போயிருந்தேன். அவர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இந்த நூறு எங்கேருந்து வந்துச்சு?"

"மொத நாள் செட்டப்ல கேட்டுச்சு. கைய முடிஞ்ச வரைக்கும் தூக்குங்கன்னு. தூக்கினேன்."

"முடிஞ்ச வரைக்கும்னா?"

"முடிஞ்ச வரைக்கும்தான்."

"உங்களுக்கு எது முடியாது மேடம்? மொதல்ல அதச் சொல்லுங்க."

தொழிற்சாலையில் எந்தப் பொருளுக்கும் அது உடையும் புள்ளியை இலக்காக வைக்க மாட்டோம். அதற்கு வெகு முன்னாலேயே கோடு கிழித்துவிடுவோம். என் தோள் உடையும் புள்ளியை நானே அளந்து, நானே இலக்காக வைத்து, அங்கே போய்ச் சேரும்வரை அதிரச் சொல்லியிருக்கிறேன். மூட்டு இறுகியவர்களை மனதில் வைத்துச் செய்த கருவி அது. அவர்களுக்கு அது சரியாகவே வேலை செய்யும்.

இலக்குக்குப் பதிலாக வரம்பு வைக்க முடியுமா என்று பட்டை விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். "உங்கள் வளைவுத்தன்மைக்கு வாழ்த்துகள்!" என்று தொடங்கி ஒரு பதில் வந்தது. மேற்கொண்டு படிக்கவில்லை.

பட்டையிலிருந்து வரும் அளவுகளை வாங்கி வேறு விதமாகக் கையாள ஒரு சிறிய நிரலை நானே எழுதினேன். கீர்த்தனா என் தோள்பட்டை எலும்பின் மேல் கை வைத்துக்கொண்டார். நான் மெதுவாகக் கையை உயர்த்த, அந்த எலும்பு தன் பிடியை விடத் தொடங்கும் இடத்தில் "ஸ்டாப்" என்றார். அதுதான் கோடு. பழைய நூறில் ஏறத்தாழ முக்கால் பங்கு. கோட்டுக்கு உள்ளே இருந்தால் அமைதி. தாண்டினால் அதிர்வு.

திரும்பவும் யோகா வகுப்புக்குப் போனேன். பின்வரிசைக்கு. ஆசிரியைக்கு வருத்தம். "ஏமிம்மா, இவ்வளவுதானா?" என்று என் கையைப் பிடித்து மேலே தூக்க வந்தார். பட்டை அதிர்ந்தது. அவர் பயந்து கையை எடுத்துவிட்டார். அதன் பிறகு என்னைத் தொடவில்லை. பட்டையால் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பாதுகாப்பு அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தூரில் அம்மாவிடம் வேறு கணக்கு.

"சபைல எல்லாரும் கையத் தூக்கி ஸ்தோத்திரம் பண்ணிக்கினு இருக்காங்க, நீ மட்டும் கையக் கட்டிக்கினு நிக்கற. பாஸ்டரம்மா கேக்கறாங்க."

"தூக்கினா கழண்டுக்கும்மா."

"அரவாசி தூக்கேன். கர்த்தர் இன்னா ஸ்கேல் வெச்சுக்கினா பாக்கறாரு?"

மொத்த சிகிச்சையும் அதுதான். அம்மாவிடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த எரிச்சல் வெகு சீக்கிரம் வந்தது. பட்டை இருந்தால் நான் கோட்டில் நின்றேன். கழற்றிவிட்டால் கோடே இல்லை. கீர்த்தனா என்னைக் கண்ணை மூடச் சொல்லி, கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தச் சொன்னார். சரியாக நிறுத்திவிட்டதாக நினைத்துக் கண்ணைத் திறந்தேன். கை காது உயரத்தில் இருந்தது. நிலையறிவு (பார்க்காமலே நம் உறுப்பு எங்கே இருக்கிறது என்று அறியும் உணர்வு) தளர்ந்த மூட்டுகளில் மங்கலாக இருக்குமாம். அதாவது, இத்தனை வருடமாக என் கை எங்கே இருக்கிறது என்று எனக்கே சரியாகத் தெரியாது.

"அது அதிருற வரைக்கும் காத்துக்கினு இருக்கீங்க," என்றார் கீர்த்தனா. "நீங்களா நிக்கல. பட்டைய கட்டிக்கினு தலை வாருவீங்களா? பஸ் ஏறுவீங்களா?"

வீட்டுக்கு வந்து, அதுவரை சேர்ந்திருந்த பதிவுகளைத் திறந்தேன். கையின் கோணம் ஒரு வரி. மார்புப் பட்டையின் மூச்சு இன்னொரு வரி. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். கோட்டைத் தாண்டிய ஒவ்வொரு இடத்திலும், தாண்டுவதற்குச் சற்று முன்னால், மூச்சு வரி தட்டையாகக் கிடந்தது. நான் மூச்சைப் பிடித்திருக்கிறேன். ஒருமுறைகூட அதை நான் கவனித்ததில்லை.

கீர்த்தனாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "தோள் பிடிக்க வேண்டியத நீங்க மூச்ச வெச்சுப் பிடிக்கறீங்க," என்றார்.

அன்றிலிருந்து கோணத்தை விட்டுவிட்டோம். மூச்சைத்தான் பார்த்தோம். மூச்சு விட்டுக்கொண்டே கையை உயர்த்துவது, அது நிற்கிற இடத்தில் கையும் நிற்பது, கொஞ்சம் பின்வாங்கி அங்கேயே இருப்பது. அதிர்வை அணைத்துவிட்டேன். பட்டை பதிவு மட்டும் செய்தது. பயிற்சி முடிந்த பிறகுதான் திரையைப் பார்க்கலாம் என்று எனக்கு நானே விதி வைத்தேன். அந்த விதியைப் பலமுறை மீறினேன்.

இந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சலிப்பாக இருந்தது. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பாட்டிமார்கள்கூட என்னைவிட உயரமாகக் கை தூக்கினார்கள். என்னால் முடியும் என்று தெரிந்த ஒன்றை ஒவ்வொரு நாளும் செய்யாமல் இருப்பது, முடியாததைச் செய்ய முயல்வதைவிடக் கடினம். யாரும் கைதட்ட மாட்டார்கள்.

மறுபரிசோதனை நாளில் அறுவை மருத்துவரின் அறையில் கீர்த்தனா என் மேல்கையில் பட்டையைக் கட்டி, போனைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டார். கண்ணை மூடினேன். தூக்குங்கள் என்றார்கள். மூச்சு போய்க்கொண்டிருந்தது. பிறகு, எங்கேயோ, போவதற்குத் தயங்கியது. நிறுத்தினேன். வேறு உயரங்களிலும் நிறுத்தச் சொன்னார்கள். தோளுக்குள் ஏதோ ஒன்று இறுக்கமாக உட்கார்ந்திருப்பதை உணர்ந்தேன். அது வலியல்ல. அது என் தசை என்று புரிய நேரமாயிற்று.

"கோட்டுக்குள்ள," என்றார் கீர்த்தனா. "ஒண்ணுல மட்டும் கொஞ்சம் மேல."

மருத்துவர் தோளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். "இப்போதைக்குக் கத்தி வேணாம்," என்றார். "இப்போதைக்கு" என்பதை இரண்டு முறை சொன்னார்.

முன்பு ஒரு ஆசனம் என்றால் எனக்கு இரண்டே இடங்கள்: தொடக்கம், முடிவு. நடுவில் கை எப்படிப் போனது என்று தெரியாது. இப்போது அந்த நடுப்பகுதி நீளமாகிவிட்டது. அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுக்கவே எனக்கு மற்றவர்களைவிட அதிக நேரமாகிறது. அந்த நேரம் முழுவதும் நான் அங்கே இருக்கிறேன். இதை ஞானம் என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வரும். இது பராமரிப்பு வேலை.

இன்றைய நிலை: மூட்டுத் தளர்ச்சி குணமாகவில்லை, ஆகாது. வலது தோள் அதற்குப் பிறகு கழலவில்லை. அறுவை சிகிச்சை இன்னும் பேச்சில் இருக்கிறது. இடது தோளிலும் அதே தளர்ச்சி இருப்பதால் அதற்கும் பயிற்சி தொடங்கியிருக்கிறது. பட்டைகளை வாரத்துக்கு ஒருமுறை, சரிபார்க்க மட்டும் கட்டுகிறேன். கையைத் தூக்கினால் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரிகிறது. பெரும்பாலும்.