வெளுத்த முட்டைகள்

அக்கராயனில் நெல் செய்யும் சிற்றம்பலத்தின் விறாந்தையில் நாலு கண்ணாடி மீன்தொட்டிகள் நிற்கும். அவற்றில் ஒன்றில் ரெட் டெவில் ஆண் மீனையும் செவரம் பெண் மீனையும் சேர விட்டார். இரண்டும் வேறு வேறு சாதி. கடித்துக் குதறாமல் பழகுவதற்கு நடுவில் கண்ணாடி வைத்து ஒரு மாதம் மறித்திருந்தார். பிறகு பிறந்த குஞ்சுகள் வளர வளரத் தோடம்பழ நிறமாகின.

"மீனுக்கும் புறோக்கர் வேலை தொடங்கிட்டியோ?" என்று தேத்தண்ணிக் கடையில் ஐயாத்துரை நக்கலடித்தான். சிற்றம்பலத்துக்கு அது புகழ்ச்சியாகத்தான் கேட்டது.

குஞ்சுகள் வளர்ந்து முட்டை போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கலப்பில் பிறந்த ஆண் மலடு. மூன்று தரம் பார்த்தார். மூன்று தரமும் முட்டை வெளுத்துப் பூஞ்சணம் பிடித்தது. வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் பெருமை அடித்துவிட்டு எப்படிச் சொல்வது? குஞ்சு விற்றுப் பிழைக்கலாம் என்று பக்கத்து ஒழுங்கை இராசமலர் அந்தக் கலப்பு மீனில் ஒரு சோடி கேட்டு வந்தபோதும், "நல்லாப் பெருகும் பிள்ளை" என்று கொடுத்துவிட்டார்.

நாலு மாதம் கழித்து, ஒருக்கா வந்து பார்க்கச் சொல்லி இராசமலர் ஆள் அனுப்பினாள். போனார். முட்டை போடவென்று தொட்டிக்குள் வைத்திருந்த கூரை ஓட்டில் முட்டைகள் வெள்ளை வெளேரென்று ஒட்டியிருந்தன.

"உங்கட மீனிலை பிழையில்லை அண்ணை. என்ர மகள் வினோஜா பெரியபிள்ளையான நேரம், துடக்கோடை போய் மீனுக்குச் சாப்பாடு போட்டிட்டாள். அண்டையிலிருந்து எல்லாம் இப்பிடித்தான். நல்லா ஏசிப்போட்டன். இப்ப தொட்டிக்குக் கிட்டவும் விடுறேல்லை."

குசினி வாசலில் அந்தப் பிள்ளை நின்றது. தலை நிமிரவில்லை.

சிற்றம்பலத்துக்கு உடம்பு கூசியது. ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனால் ஒருவருக்கும் தெரியவராது. அப்படி நினைத்ததற்கே பிறகு இன்னும் கூசியது.

"பிள்ளையிலை பிழையில்லை. நான் தந்த ஆண் மலடு. தெரிஞ்சுதான் தந்தனான்."

இராசமலர் குசினிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"எனக்கேன் சொல்லுறியள்? ஏச்சு வாங்கினவள் அங்கை நிக்கிறாள். அவளுக்குச் சொல்லுங்கோ."

ஐம்பத்திரண்டு வயது மனிசன் குசினி வாசலுக்குப் போய், அதையே திருப்பிச் சொன்னார்.

"அப்ப நான் தொட்டதாலை இல்லையோ மாமா?"

"இல்லையம்மா. நான்தான் பொய் சொன்னனான்."

வினோஜா அவரைத் தாண்டிப் போய்த் தொட்டிக்குள் கையை விட்டு, அந்த ஓட்டை வெளியே எடுத்தாள். தாய் தடுக்கவில்லை. சிற்றம்பலத்தை இருக்கச் சொல்லி ஒருவரும் கதிரையும் போடவில்லை.