பரிசலில் எழுந்து நின்றவன்

சங்கிலிக்கு முதுகெலும்பு என்று ஒன்று இருக்கிறதா என்ற சந்தேகம் பூமாரிக்குக் கல்யாணமான நாளிலிருந்தே உண்டு. கார் சத்தம் கேட்டால் போதும், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்பான் அவள் புருசன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். ஒருமுறை அப்படி அவன் கும்பிட்டது பால் வண்டி டிரைவரை.

வைகை அணையில் இருவரும் ஒரே பரிசலில் மீன் பிடித்தார்கள். அவள் துடுப்புப் போடுவாள், அவன் வலை விடுவான். தொழிலில் கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கரைக்கு வந்து மீனை இறக்கும்போது அணையின் மீன் குத்தகைக்காரர் சுந்தர்ராஜ் முன்னால் அவன் நெளிகிற நெளிப்பைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நாம புடிச்ச மீனத்தான அவுக விக்கிறாக? எதுக்கு இந்தக் கூழைக் கும்பிடு?"

"மெதுவாப் பேசு. ஐயா காதுல விழுந்துறப் போகுது."

வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாலும் இதே பதில்தான்.

2005 ஐப்பசியில் அணை தளும்பிக் கிடந்தது. காலையில் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது சுந்தர்ராஜின் ஜீப் கரையில் வந்து நின்றது. அவர் இறங்கி இவர்கள் பக்கம் பார்த்தார், அவ்வளவுதான். பரிசலில் எவனாவது எழுந்து நிற்பானா? சங்கிலி நின்றான். நின்றதோடு விட்டானா, வேட்டியை வேறு இறக்கிவிட்டான். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டதுதான் தாமதம், பரிசல் சாய்ந்து மரியாதை மொத்தமும் தண்ணீருக்குள் போனது.

நீச்சல் தெரியாதவன் இல்லை. ஆனால் நனைந்த வேட்டி இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. பரிசலின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினான். அந்தப் பக்கம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. பூமாரி சட்டென்று எதிர்ப்பக்க விளிம்புக்குப் போய், பின்னால் சாய்ந்து எடை கொடுத்தாள்.

"கைய நீட்டுடி!"

"நீட்டுனா நானும் உள்ளதான் வருவேன். காலப் பின்னாடி தூக்கி மெதந்து ஒதை. வயித்த வச்சு உள்ள விழு."

"காலு அசைய மாட்டேங்குது!"

"வேட்டிய அவுத்து விடுய்யா!"

"ஐயா பாத்துக்கிட்டு இருக்காகடி!"

சீ, இதுவும் ஒரு பிறவியா என்றிருந்தது அவளுக்கு. உயிர் போகிற நேரத்தில் டவுசர் தெரிவதுதான் இவனுக்குக் கவலை. அதற்குள் பிடி நழுவி அவன் தலை தண்ணீருக்குள் போனது. கரையில் சுந்தர்ராஜ் அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். மேலே வந்த சங்கிலி மறுபடி விளிம்பைப் பற்றியபோது பூமாரி துடுப்பை ஓங்கினாள்.

"அவுக்கிறியா, மண்டையில போடவா?"

அதட்டல் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கீழ்ப்படிவது அவனுக்குப் பழக்கம்தானே. அவிழ்த்தான். காலை நீட்டி உதைத்து, எம்பி, பிடித்த கெண்டைகளுக்கு நடுவே குப்புற வந்து விழுந்தான். தண்ணீரைக் கக்கி முடித்ததும் பரிசலில் கிடந்த சாக்கை இழுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, முதல் வேலையாகக் கரையைப் பார்த்துக் கும்பிட்டான். அங்கே யாரும் இல்லை.

"ஐயா எங்க?"

"நீ முங்குனத நின்னு பாத்துட்டுத்தான் போனாக."

சங்கிலி இடுப்புச் சாக்கை இறுக்கிக்கொண்டான்.

"என்ன அவசர சோலியோ, பாவம். நாளைக்குப் போயி, அவுக வந்த நேரத்துல இப்படி விழுந்து தொலச்சதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துறணும்."

இத்தனை பாடுபட்டு ஏற்றிக்கொண்டது இதைத்தானா என்று பூமாரி அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டாள்.