ஐந்து நாள் மாத்திரை

என் வீட்டுக்காரர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, முப்பது வருஷம் பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் விறகடுப்பு முன்னால் நின்றவர். பீடியும் உண்டு. நுரையீரல் கெட்டுவிட்டது, இனி சரியாகாது என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். இழுப்பு கூடினால் மட்டும் ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை போடச் சொன்னார்.

முதல் தடவை அந்த மாத்திரை செய்த வேலையை நான் மறக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் தானே எழுந்து குளித்தார். சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். நான் சமையல் வேலை பார்க்கும் கழக்கூட்டம் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, “வரும்போ மீன் வாங்கிட்டு வா பிள்ளே, சாளை கிடைச்சாலும் போதும்” என்றார். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்.

மாத்திரை முடிந்து பத்தே நாளில் மறுபடி இழுத்தது. கக்கூஸ் வரை நடக்க முடியவில்லை. அப்படி விட்டுவிட்டு நான் எப்படி வேலைக்குப் போவது? பழைய சீட்டை மருந்துக்கடையில் காட்டினேன். தந்தார்கள். பிறகு சீட்டே கேட்கவில்லை. ஐந்து நாள் என்பது எப்போது தினமும் ஆனது என்று எனக்கே தெரியாது. அவர் கன்னம் உப்பி, முகம் வட்டமானது. “ஆளு நல்லா தேறிட்டாரே” என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஓணம் முடிந்த வாரம், இருமும்போது முதுகில் ஏதோ சொடுக்கென்றது. கத்திக்கொண்டே கட்டிலில் விழுந்தார்.

“முதுகெலும்பு நொறுங்கியிருக்கு. சுகரும் ஏறியிருக்கு” என்றார் டாக்டரம்மா, எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே. “அந்த ஸ்டீராய்டு குளிகை எலும்பை அரிச்சிருக்கு. எத்தனை நாளா போடறார்?”

“எட்டு மாசமா.”

“யார் கொடுக்கச் சொன்னது?”

“நான்தான் அவளை வாங்கிட்டு வரச் சொன்னேன் டாக்டரே” என்றார் ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர். பொய். அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

“இப்பவே நிறுத்திடறேன்” என்றேன்.

“சட்டுனு நிறுத்தினா உடம்பு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். குறைக்கக் குறைக்க மூச்சு முட்டும். பார்க்கலாம்.” அதைச் சொல்லும்போது டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹாஸ்டல் வேலையை விட்டுவிட்டேன். படுத்தால் மூச்சு இல்லை, உட்கார்ந்தால் முதுகு விடாது. தலையணைகளை அடுக்கி, பகலெல்லாம் அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேச்சு குறைந்துவிட்டது. காலையில் கஞ்சி கொடுத்த பிறகு அரை மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைக்கிறேன். அடுத்த வாரம் அதுவும் கால் ஆகும்.