எட்டாம் மாதமும் ஒரு தையல் மெஷினும்

அவளுடைய வலது கை துணியைத் தள்ள, இடது கை ஓரத்தை மடித்துக்கொண்டே போனது. பள்ளிச் சட்டைக்குப் பை வைக்கிற வேலை. மூன்று பக்கம் தையல், மேல்மூலை இரண்டிலும் சின்ன முக்கோணம். பதினைந்து வருடப் பழக்கம், கண்கூடத் தேவையில்லை. ஆனால் காதை என்ன செய்வது?

கட்டில்மேல் நாத்தனார் சம்மணம் போட்டிருந்தாள். அந்த ஒற்றை அறையில் உட்கார வேறு இடமில்லை.

"ஒத்தப் புள்ளையோட நிறுத்திட்டா எப்படி? எங்கம்மா ஏழு பெத்தாங்க. யாரும் பட்டினி கிடக்கலையே."

"ஏழு வயசுல நீங்க செங்கல் தூக்கினீங்க அண்ணி. உங்க தம்பி டீக்கடையில கிளாஸ் கழுவினாரு. ஏழு புள்ளைன்னா ஏழு சம்பளம். எம் பொண்ணு இருபது வயசு வரைக்கும் ஒரு காசு கொண்டு வரமாட்டா. கொண்டு வர விடவும் மாட்டேன்."

"வாய் மெஷினைவிட வேகமா ஓடுது."

இன்னொரு குழந்தை வேண்டாமென்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆசைதான். முப்பத்துமூன்று வயதாகிறது, இனியும் தள்ளிப்போட முடியாது. கோபமே அதில்தான். மகளைச் சுமந்தபோது எட்டாம் மாதம் வயிறு மேஜையில் இடித்தது. ஒருக்களித்து உட்கார்ந்து ஒற்றைக் காலால் மிதித்துப் பார்த்தாள், தையல் கோணியது. தைக்கக் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் தங்கள் மெஷினைத் தூக்கி வேறு வீட்டில் வைத்துவிட்டார்கள். திரும்பக் கிடைக்க இரண்டு வருடம் ஆனது.

"எட்டாம் மாசத்துலேர்ந்து புள்ளைக்கு ரெண்டு மாசம் ஆகுற வரைக்கும், அந்த நாலு மாசம் நீங்க வந்து மிதிங்களேன் அண்ணி. உங்களுக்கும் தைக்கத் தெரியும்ல."

"எனக்கு முழங்கால் வலி."

"அதானே. பெத்துக்கோன்னு சொல்றதுக்கு முழங்கால் வேணாமே."

கடகடவென்று மிதித்தாள். பன்னிரண்டாவது சட்டையில்தான் கண்ணில் பட்டது. பொத்தான்துளை இருக்கும் பக்கம் வரவேண்டிய பை, பொத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டும் அப்படியே. முதல் நாள் தைக்க வந்தவள்கூடச் செய்யாத தப்பு.

அவள் மெஷினை நிறுத்தி, சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். நாத்தனார் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தையல் பிரிக்கப் பிளேடை எடுத்தாள்.

"பிரிக்கிறதுக்கும் முழங்கால் வேணாம்," என்றாள்.

பிரித்து, நூல் பொறுக்கி, தேய்த்து, மறுபடி தைத்து முடிக்கவும் கம்பெனி சூப்பர்வைசர் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மறுநாள் பள்ளி திறப்பு. தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அவள் சட்டை மூட்டையைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சார், நான் மறுபடி உண்டானா மெஷின் இங்கேயே இருக்கணும். நாலு மாசம்."

"உண்டாயிருக்கியா?"

"இல்ல. உங்க பதிலைக் கேட்டுட்டுத்தான்."

அவர் சிரித்தார். "முதலாளி என்ன, குடும்பக் கட்டுப்பாடு ஆபீஸா நடத்துறாரு?"

"அதைத்தானே நடத்துறாரு. இந்தத் தெருவுல அவர் மெஷின் பதினோரு வீட்ல இருக்கு. பதினொண்ணுலயும் ஒத்தப் புள்ளை. போய்ப் பாருங்க."

சிரிப்பு நின்றது. ஹாரன் மறுபடி அடித்தது.

"ரெண்டு மாசம்."

"நாலு. எழுதிக் குடுங்க."

டெலிவரி சீட்டின் பின்பக்கம் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் இரண்டு முறை படித்தாள். மூன்று போதாது; அது அவருக்கும் தெரியும். சீட்டை மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டினாள். பிறகு எழுந்து, மூட்டையை அவர் கைகளில் வைத்தாள்.